பெக்கோவுக்குக் கொடுத்த காசு: வாய்க்கால் வெட்டும் வாடகைச் சேவை பற்றி ஒரு பொருளாளரின் கணக்கு

வாய்க்கால் வெட்ட வாடகைக்குப் பிடித்த பெக்கோ, அதாவது மண் அள்ளும் மெஷின், கொடுத்த காசுக்குப் பெறுமதியா என்று கேட்டால், பாதிப் பெறுமதி. மற்றப் பாதி மெஷினில் இருப்பவரையும் மெஷினுக்குப் பக்கத்தில் நிற்பவரையும் பொறுத்தது. இதை முதலே சொல்லிவிடுகிறேன். ஆவணி பிறந்தால் எங்கள் பக்கத்துக் கமக்காரர் அமைப்புகள் எல்லாம் பெக்கோவுக்கு அலையத் தொடங்கிவிடும், ஆறுதலாக இருந்து வாசிக்க ஒருவருக்கும் நேரம் இராது.

நான் முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒரு சின்னக் குளத்துக் கமக்காரர் அமைப்பின் பொருளாளர். பற்றுச்சீட்டுப் புத்தகம் என் கையில் இருப்பதால் இந்தக் கணக்கும் என்னிடம்தான் இருக்கிறது. இருநூறு ஏக்கருக்கு உட்பட்ட வயலுக்குப் பாயும் குளம் என்றபடியால் நாங்கள் நீர்ப்பாசனத் திணைக்களத்துக்குக் கீழே வரமாட்டோம், கமநல அபிவிருத்தித் திணைக்களத்துக்குக் கீழேதான் வருவோம். இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் போன்ற பெரிய குளங்கள் என்றால் திட்டம் வரும், வெளிநாட்டுக் கடன் வரும், திறப்புவிழாவுக்கு அமைச்சரும் வருவார். எங்கள் வாய்க்காலுக்கு நாங்கள்தான் வரவேண்டும். 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் எங்களைப் போன்ற அமைப்புகளுக்குச் சட்ட அந்தஸ்துத் தந்தது. மண்வெட்டி தரவில்லை.

மாரி மழையோடு விதைக்கும் காலபோகத்துக்கான கூட்டத்தில் ஏக்கருக்கு இவ்வளவு நீளம் என்று வாய்க்காலைப் பங்கு பிரிப்போம். அவரவர் பங்கை அவரவர் செருக்கித் துப்புரவாக்க வேண்டும். இது பழைய வழக்கம். ஆங்கிலேயர் காலத்தில் 1856 இலேயே இப்படியான வழக்கங்களை நீர்ப்பாசனச் சட்டமாக எழுதி வைத்தார்கள். இப்போது பங்கோடு சேர்த்துச் சிரமதானமும் நடக்கிறது. சனசமூக நிலையத்துப் பெடியள், மாதர் சங்கத்துப் பெண்கள், உயர்தரம் எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கும் பிள்ளைகள், வயல் இல்லாவிட்டாலும் ஊர் வேலை என்று வந்து நிற்கும் இரண்டு மூன்று பேர், இவர்கள்தான் ஆள்பலம். தேத்தண்ணியும் பணிசும் அமைப்புக் கணக்கில்.

கையால் செய்யக்கூடியதைக் கையால்தான் செய்ய வேண்டும், அதில் எனக்கு இரண்டாவது யோசனை இல்லை. தண்ணீரில் மிதக்கும் சல்வீனியாவை வாரியால் இழுத்துக் கரையில் போட்டு வெயிலில் காயவிடலாம். 1939 இல் கொழும்பில் தாவரவியல் படிப்புக்கென்று கொண்டுவந்த செடியாம் அது, படிப்பு முடிந்ததோ தெரியாது, செடி குளத்துத் தண்ணீர் திறந்துவிடும் எங்கள் துருசு வாய்க்கு வந்துவிட்டது. சம்பு என்ற நீர்ப்புல் கொஞ்சம் பிடிவாதம். தண்ணீருக்கு மேலே அறுத்தால் திரும்பவும் தளிர்க்கும். தண்ணீருக்குள் கையை விட்டு அடியோடு அறுத்தால் தண்டுக்குள் தண்ணீர் இறங்கி அழுகும். இந்த வேலையை எந்த மெஷினும் இவ்வளவு சுத்தமாகச் செய்யாது. செய்பவர்கள் எலிக்காய்ச்சலை மறக்கக்கூடாது. சேற்றுப் புண்ணோடு இறங்க வேண்டாம், சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் மாத்திரை கேட்டு வாங்கிப் போடுங்கள்.

ஆனால் எங்கள் வாய்க்காலின் நடுப்பகுதி கைக்கு அடங்காது. போர் முடிந்த 2009 க்குப் பிறகு நாங்கள் மீள்குடியேறி வந்தபோது அந்த இடத்தில் வாய்க்கால் இருந்ததற்கு அடையாளமே இல்லை. குறுக்கே ஒரு மண் அணை, அதற்கு மேலே இப்பிலிப்பில் மரக் காடு, உள்ளே இடுப்பளவு வண்டல். அந்தத் துண்டுக்குத்தான் மெஷின் பிடித்தோம். காசு பாதி எங்கள் சேமிப்பு, பாதி வெளிநாட்டில் இருக்கும் ஊர்ச் சனம் அனுப்பியது. இடையில் 2022 ஆனியில் டீசல் லீற்றர் 460 ரூபாய்க்குப் போனது. அந்த வருடம் பெக்கோ என்ற பேச்சே இல்லை. மண்வெட்டியும் தாச்சியுமாக இறங்கி, தண்ணீர் ஓட ஒரு சின்னக் கோடு மட்டும் கீறினோம்.

இரண்டு பேரின் சேவையைப் பார்த்திருக்கிறேன். இரண்டுக்கும் மணிக்கூலி ஏறக்குறைய ஒன்றுதான், வித்தியாசம் எல்லாம் வேலையில்.

முதலில் வந்தது சங்கிலிச் சில்லுப் பெரிய மெஷின், பல் வைத்த பக்கற். வெளியிலிருந்து வந்தவர்கள், பெயர் வேண்டாம். ஓட்டுநர் நல்ல மரியாதையான பிள்ளை. "அக்கா, நீங்கள் ஏன் வெயிலுக்க நிக்கிறியள்? நிழலில இருங்கோ, பின்னேரம் வந்து பாருங்கோ, ஆறு மாதிரி வெட்டித் தாறன்" என்றார். சொன்ன சொல் தவறவில்லை, ஆறு மாதிரித்தான் வெட்டினார்! பின்னேரம் பார்த்தவர்கள் எல்லாம் கைதட்டினார்கள், வட்ஸ்அப்பில் படம் போய் லண்டன்காரரும் சந்தோஷப்பட்டார்கள். எங்கள் ஊரில் நீர் பங்கிட்டுப் பழகிய ஒரு ஐயா மட்டும் கரையில் குந்தியிருந்து பார்த்துவிட்டு, "தம்பி கிடங்கு வெட்டிப்போட்டார். இனித் தண்ணி அதுக்க படுத்துக் கிடக்கும்" என்றார்.

அப்படியே நடந்தது. துருசு திறந்தால் தண்ணீர் முதலில் அந்தக் கிடங்கை நிரப்ப வேண்டும், நிரம்பித் தளும்பினால்தான் கடைசி வயல்களுக்கு நகரும். நிரம்பவும் இல்லை. வாய்க்கால் அடியில் வருடக்கணக்காகப் படிந்த களிப்படை ஒன்று இருக்கும், அதுதான் தண்ணீரைக் கீழே விடாமல் பிடித்து வைத்திருப்பது. பக்கற்றின் பல் அதைக் கிழித்து மணலைக் காட்டிவிட்டது. அள்ளிய வண்டலை விளிம்போடு விளிம்பாகக் குவித்ததில், ஐப்பசி முதல் மழைக்கே அரைவாசி திரும்பி உள்ளே வந்து சேர்ந்தது. வேர் அறுபட்ட மருது ஒன்று கார்த்திகையில் வாய்க்காலுக்குக் குறுக்கே சாய்ந்தது. மரத்தை வெட்டி அகற்றவும், குளத்தின் அலைகரையிலிருந்து களி எடுத்து உரப்பையில் சுமந்து கிடங்கை அடைக்கவும் திரும்பவும் அதே பெடியள்தான். மெஷினுக்குக் கொடுத்த காசைவிட அந்தப் பிள்ளைகளின் முதுகுதான் எனக்குக் கணக்கில் உறுத்துகிறது.

கிடங்கைப் பற்றிக் கேட்க அழைத்தபோது, "மணிக்கூலி வேலைதானே அக்கா, நீங்கள் காட்டின இடத்தில வெட்டினம்" என்று பதில் வந்தது. சட்டப்படி சரிதான்.

அடுத்த முறை வந்தவர் எங்கள் மாவட்டத்து ஆள். மெஷினும் அவருடையது, ஓட்டுவதும் அவர்தான், நாலு ஏக்கர் வயலும் செய்கிறார். மெஷின் சிறியது. பல்லில்லாத அகலப் பக்கற் ஒன்றைத் தனியாகக் கொண்டுவந்திருந்தார், வடிகால் வழிக்கவென்றே உள்ள பக்கற். அது அடியைக் கிழிக்காது, வழித்து எடுக்கும். இறங்கியதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "கடைசி வயலுக்குத் தண்ணி பாயிற இடம் எது?" அந்தக் கேள்விக்கே காசு கொடுக்கலாம் என்று மனதுக்குள் நினைத்தேன்.

அவர் வருவதற்கு முன்பே நாங்கள் மட்டம் பார்த்து முளை அடித்திருந்தோம். இதை விளக்கமாகச் சொல்கிறேன், செலவு ஒன்றும் இல்லை, செய்யாவிட்டால் நட்டம் பெரிது. தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்க மேசன்மார் வைத்திருக்கும் கண்ணாடிக் குழாயை ஒரு நாளுக்கு இரவல் வாங்கினோம். தண்ணீரில் சலவை நீலம் கொஞ்சம் கலந்தால் வெயிலிலும் மட்டம் பளிச்சென்று தெரியும். குழாய்க்குள் ஒரு காற்றுக்குமிழி நின்றாலும் கணக்குப் பிழைக்கும், ஆகவே முதலில் குழாயை நீட்டிப் பிடித்துக் குமிழியெல்லாம் வெளியே போகத் தட்ட வேண்டும். உயர்தரப் பிள்ளைகள் இருவர் ஆளுக்கொரு நுனியைப் பிடித்தார்கள். துருசின் அடி ஒரு முனை, கடைசி வயல் வாய் மறுமுனை. இடையிலுள்ள இறக்கத்தை நீளத்தால் பிரித்து, முளைக்கு முளை எவ்வளவு இறங்க வேண்டும் என்று ஒரு பிள்ளை கொப்பியில் எழுதினாள். முளைத் தலையில் சிவப்புப் பூச்சு. தலையிலிருந்து எத்தனை அடி கீழே வாய்க்கால் அடி என்பது எல்லா முளைக்கும் ஒன்றே, அதனால் ஓட்டுநர் கணக்குப் பார்க்கத் தேவையில்லை. அளவுத்தடியோடு ஒரு பெடியன் முன்னால் நடந்தான். சொன்ன அளவு வந்ததும் கையைத் தூக்குவான், பக்கற் நிற்கும்.

விடவேண்டிய மரங்களில் பழைய சேலையைக் கிழித்துக் கட்டியிருந்தோம். மருது, நாவல் எல்லாம் தப்பின. இப்பிலிப்பிலை மட்டும் வேரோடு பிடுங்கினார். வண்டலை விளிம்பிலிருந்து நன்றாகத் தள்ளிக் கொட்டி, பக்கற் முதுகால் தட்டிவிட்டார். சேற்றில் பாலாமைகள் வந்தன. விசிலடித்தால் மெஷின் நிற்கும், பெடியள் ஆமையை எடுத்துக் குளத்தில் விட்டுவிட்டு வருவார்கள், திரும்ப ஓடும். அந்த நிற்கும் நேரத்தை அவர் மணிக்கூலியில் சேர்க்கவில்லை. நானாகக் கேட்டும் வேண்டாம் என்றார்.

குறை இல்லாமல் இல்லை. நேரத்துக்கு வரமாட்டார். தன் வயல் வேலை வந்தால் போனே எடுக்கமாட்டார், ஊர் முழுக்கச் சோற்றுப் பார்சலோடு காத்திருக்கும். பெரிய அடிமரம் என்றால் அந்தச் சின்ன மெஷினுக்குச் சக்தி போதாது, உழவு இயந்திரத்தில் சங்கிலி கட்டி இழுக்க வேண்டியிருந்தது. வேலை மெதுவாக நடந்ததால் மொத்தக் காசும் முதலாமவரைவிடக் கூடத்தான் முடிந்தது. கூட்டத்தில் அதைச் சொல்லிச் சிலர் என்னோடு வாதாடினார்கள். கடைசி வயல்காரர் ஒருவரும் வாதாடவில்லை.

மண்ணைப் பற்றி ஒரு எச்சரிக்கை. "மண்ணை எங்களுக்கு விடுங்கோ, மணிக்கூலியே வேண்டாம்" என்று ஒரு தரப்பு வந்தது. கேட்க இனிப்பாக இருக்கும். டிப்பர் வந்து நின்ற பிறகு வண்டலோடு நிற்பார்களா? குளக்கட்டுக்குக் கீழே நல்ல மணல் கிடக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். மண் ஏற்றிப் போக புவிச்சரிதவியல் அளவை சுரங்கப் பணியகத்தின் அனுமதி வேண்டும், அது இல்லாமல் லொறி பிடிபட்டால் விசாரணைக்கு அமைப்பின் பெயரும் இழுபடும். நாங்கள் மாட்டோம் என்றோம். வண்டலை வயல்காரர்களே பங்கிட்டுத் தோட்டங்களுக்கு எடுத்தார்கள்.

இன்னொன்று வன்னிக்கே உரியது. மெஷின் இறங்கும் முன் அந்த இடத்தில் முந்திப் பதுங்குகுழி இருந்ததா, காவலரண் இருந்ததா என்று அயலாரிடம் கேட்டு, கண்ணிவெடி அகற்றி முடிந்த நிலமா என்று கிராம அலுவலரிடமும் உறுதி செய்யுங்கள். மண் அணைத் துண்டில் துருப்பிடித்த எறிகணை ஒன்று பக்கற்றில் வந்தது. இரண்டாவதாக வந்த அந்த மனுஷன் பக்கற்றை அசைக்காமல் எஞ்சினை நிறுத்திவிட்டு மறுபக்கத்தால் இறங்கி வந்து எல்லாரையும் தூர விலக்கினார். பொலிசுக்கு அறிவித்து, படையினர் வந்து எடுக்கும்வரை வேலை இல்லை. வெளியூர் ஓட்டுநர் என்றால் இரும்பு என்று கையால் தூக்கியிருப்பார் என்று இப்போதும் பேசிக்கொள்கிறோம்.

இங்கிலாந்தில் இருக்கும் என் மச்சாள் ஒரு கோடை விடுமுறைக்கு அங்கே பழைய வாய்க்கால் திருத்தும் முகாமுக்குப் போனாளாம். அங்கே வாய்க்கால் என்றால் படகு போவதற்கு. 1946 இல் இதற்கென்று ஒரு சங்கம் தொடங்கி, 1970 இலிருந்து தொண்டர் குழு இறங்கி வெட்டுகிறதாம். அவள் சொன்னதில் எனக்குப் பிடித்தது, மெஷினையும் தொண்டர்களே ஓட்டுகிறார்கள், பயிற்சி எடுத்து அனுமதி வாங்கிய பிறகுதான் தொடவிடுவார்கள் என்பது. எங்கள் பெடியளில் இரண்டு பேருக்கு அப்படி ஒரு பயிற்சி கிடைத்தால் என் பற்றுச்சீட்டுப் புத்தகம் பாதியாக மெலியும். கமநல சேவை நிலையத்தில் கேட்டு வைத்திருக்கிறேன்.

பொருளாளர்மாருக்கு மட்டும்: மெஷின் வந்து இறங்கியதும் மணி காட்டும் மீற்றரைப் போனில் படம் எடுங்கள், வேலை முடிந்ததும் எடுங்கள். மெஷினைச் சுமந்து வரும் லோபெட் லொறியில் ஏற்றி இறக்கும் கூலி தனியா, உள்ளே சேர்ந்ததா என்று முதலே எழுதி வாங்குங்கள். சங்கிலிச் சில்லு ஏறி பிரதேச சபை வீதிக்குக் கீழே தண்ணீர் போகும் போக்கு உடைந்தால் யார் கட்டுவது என்பதும் அந்தக் கடதாசியில் இருக்கட்டும். எங்கள் போக்கு ஒன்றின் சிலாப்பு வெடித்துத்தான் இந்த வரி எங்கள் ஒப்பந்தத்துக்குள் வந்தது. முற்பணம் பாதிக்கு மேல் வேண்டாம். மிச்சக் காசை, துருசு திறந்து கடைசி வயலுக்குத் தண்ணீர் எட்டிய பிறகு கொடுப்பதாகப் பேசுங்கள். இரண்டாமவர் இதற்கு உடனே சம்மதித்தார். இந்த வருடமும் அவரைத்தான் பிடித்திருக்கிறோம். ஆவணி கடைசிக்குள் வருவதாகச் சொல்லியிருக்கிறார், நான் புரட்டாதி நடு என்று எழுதி வைத்திருக்கிறேன்.