ஒரு கிண்ணம் டீ, ஒரு முழுப் பகல்: செங்டு ஹெமிங் டீக்கடை

படிக்கவோ வேலைக்கோ புதிதாகச் சீனாவின் செங்டு நகருக்கு வருகிற நம்மாட்களிடம் எல்லாரும் பாண்டாவையும், கொதிக்கிற காரக் குழம்பில் முக்கி வேகவைத்துத் தின்னும் ஹாட்பாட்டையும்தான் சொல்லி அனுப்புகிறார்கள். என்னைக் கேட்டால் முதலில் ரென்மின் பூங்காவுக்குள் இருக்கும் ஹெமிங் டீக்கடைக்குப் போங்கள். 1923இல் தொடங்கிய கடை. மெட்ரோ 2ஆம் லைனில் பூங்காவின் பெயரிலேயே ஸ்டேஷன் இருக்கிறது, பூங்காவுக்கு நுழைவுக் கட்டணமும் இல்லை.

டீக்கடை என்றதும் நின்றபடி குடித்துவிட்டுக் கிளம்புகிற இடம் என்று நினைக்க வேண்டாம். குளத்தங்கரையில், மரத்தடியில், வரிசை வரிசையாகக் கைவைத்த மூங்கில் நாற்காலிகள். ஆளுக்கு ஒரு டீ வாங்க வேண்டும், அவ்வளவுதான். பக்கத்தில் ஃப்ளாஸ்க் நிறைய வெந்நீர் வைத்துவிடுவார்கள், தீரத் தீர ஊற்றிக்கொண்டு பொழுது சாயும்வரை உட்கார்ந்திருந்தாலும் எழுந்திரு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பேட்டைக்குள் இருக்கிற சின்னக் கடைகளில் இதைவிட மலிவாகவே கிடைக்கும், ஆனால் நாள் முழுக்க உட்கார ஒரு இடம் என்று கணக்குப் பார்த்தால் எனக்கு இந்த விலை உறுத்தவில்லை.

பால், சர்க்கரை கேட்காதீர்கள். மல்லிகை வாசம் பிடிக்கும் என்றால் பிதான் பியாவ்சுவே என்ற டீயைச் சொல்லுங்கள், மேலே வெள்ளை இதழ்கள் மிதக்கும், நம் நாக்குக்குச் சட்டென்று ஒத்துப்போவது அதுதான். கொஞ்சம் பழகிய பிறகு ஏமெய் மலையில் விளையும் ஜூயேச்சிங் என்ற பச்சைத் தேயிலை. எந்த டீ சொன்னாலும் மூடி, கிண்ணம், அடித்தட்டு என்று மூன்று துண்டாக வரும், தேயிலை கிண்ணத்திலேயே கிடக்கும், வடிகட்டித் தர மாட்டார்கள். தட்டோடு சேர்த்துத் தூக்கினால் விரல் சுடாது. மூடியால் இலையை அந்தப் பக்கம் ஒதுக்கி, லேசாகச் சாய்த்து, இடுக்கு வழியாக உறிஞ்ச வேண்டும். முதல் தண்ணீரைவிட இரண்டாவது தண்ணீரில்தான் ருசி நன்றாக இறங்குகிறது என்பது என் கட்சி.

நெற்றியில் விளக்கு கட்டிக்கொண்டு, நீளமான இடுக்கியைக் கணீர் கணீரென்று தட்டியபடி ஒருவர் மேசை மேசையாக வருவார். காதில் குறும்பி எடுப்பவர். மெல்லிய கரண்டி, இறகு, கடைசியில் அந்த இடுக்கியை அதிரவிட்டுக் காதருகில் கொண்டுவருவார், உச்சந்தலைவரை கூசும். விலையை முன்னாலேயே பேசிக்கொள்ளுங்கள். காதில் ஏற்கெனவே வலியோ சீழோ இருந்தால் வேடிக்கை பார்ப்பதோடு சரி.

பணம் விஷயம்: விசா, மாஸ்டர் கார்டை அலிபே என்ற செல்போன் பணச் செயலியில் இணைத்துக்கொண்டு போனால் கவலையில்லை. அப்புறம், செங்டுவில் வெயில் அடிப்பதே அபூர்வம், அடித்துவிட்டால் ஊரே பூங்காவுக்கு வந்துவிடும், நாற்காலி கிடைப்பது குதிரைக்கொம்பு. வாரநாள் காலையில் போங்கள். பக்கத்து மேசைக்காரர் சிகரெட் பற்றவைத்தால் இடம் மாறி உட்காரலாம். காலையில் வருகிறவர்கள் பெரும்பாலும் தாத்தா பாட்டிகள். சூரியகாந்தி விதையைப் பல்லால் கடித்துத் துப்பிக்கொண்டே ஊர்க்கதை பேசுவார்கள், உங்களையும் எந்த ஊர் என்று கேட்பார்கள். நான்கு வார்த்தை சீன மொழி தெரிந்தால் போதும், அன்றைய வகுப்பு அங்கேயே முடிந்துவிடும்.

எழுந்து காலாற நடக்கலாம் என்றால் பூங்காவிலேயே வரன் பார்க்கும் மூலை ஒன்று உண்டு. வயது, உயரம், படிப்பு, சம்பளம், சொந்த வீடு உண்டா என்று எழுதிய காகிதங்கள் வரிசையாக இருக்கும். பெற்றவர்கள் மும்முரமாகக் குறிப்பெடுப்பார்கள். நம் ஊர் ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரின் மணமகள் தேவை பக்கத்துக்குக் கைகால் முளைத்த மாதிரி இருக்கும், ஜாதகம் மட்டும்தான் இல்லை.

பசித்தால் வடக்கே கொஞ்ச தூரம் நடந்து குவான்ஜாய் சந்துகளுக்குப் போய்விடுங்கள். அசைவம் வேண்டாதவர்களுக்கு அங்கே சான்தாபாவ்: ஒட்டரிசி உருண்டை மூன்றைப் பலகையில் டம் டம் டம் என்று அடித்து, சோயா மாவில் புரட்டி, வெல்லப்பாகு ஊற்றித் தருவார்கள். சூடாகவே தின்றுவிடுங்கள், ஆறினால் பல்லில் ஒட்டும்.