படித்தால் புரிகிற வக்கீல் பில்

எனக்கு சிங்கப்பூர் டன்லப் ஸ்திரீட்டில் மளிகைக் கடை. குத்தகையைப் புதுப்பிக்கும்போது, கூரை பழுதுபார்த்த செலவு யாருடையது என்று கட்டட உரிமையாளரோடு தகராறாகி, விஷயம் நீதிமன்றம் வரை போனது. பீப்பிள்ஸ் பார்க் சென்டரில் இருக்கும் ஒரு சின்னச் சட்ட நிறுவனம்தான் வழக்கை எடுத்தது. வக்கீல் கெட்டிக்காரர், அதில் சந்தேகமில்லை. ஆனால் நான் சொல்ல வந்தது அவர்கள் பில் போடும் விதத்தை.

முன்பு வேறொரு விவகாரத்துக்குப் போன அலுவலகத்தில் மாதக்கணக்கில் சத்தமே இருக்காது. கடைசியில் ‘சட்டச் சேவைக்காக’ என்று ஒரே வரி, பக்கத்தில் வயிற்றைக் கலக்கும் தொகை. எதற்கு இவ்வளவு என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை.

இங்கே வேலையைத் தொடங்கும் முன்பே கடிதம் வந்துவிட்டது: மணிக்கு 400 வெள்ளி, மொத்தம் சுமாராக எவ்வளவு ஆகும், எந்தெந்த வேலை அதில் சேராது. முன்பணம் கட்சிக்காரர்களுக்கான தனிக் கணக்கில் போகிறது. அது எல்லா வக்கீலுக்கும் உள்ள விதிதான். இவர்கள் அதில் மீதி எவ்வளவு என்பதையும் மாதாமாதம் பில்லின் அடியில் காட்டுகிறார்கள்.

ஒரு வரியை அப்படியே தருகிறேன்: ‘குத்தகையின் 7ஆம் பிரிவைப் படித்து எதிர்த்தரப்பு வக்கீலுக்குப் பதில் எழுதியது, 0.3 மணி, 120 வெள்ளி.’ வக்கீல்கள் நேரத்தை ஆறாறு நிமிடமாக எண்ணுவார்கள். 0.3 என்றால் 18 நிமிடம். அந்தப் பதில் கடிதம் என் கையில் இருக்கிறது, கொடுத்த காசுக்குத் தகும். 9 விழுக்காடு பொருள் சேவை வரி அவர்கள் கட்டணத்துக்குத்தான். எனக்காக நீதிமன்றத்தில் கட்டிய தாக்கல் கட்டணம் தனியாக, வரி சேர்க்காமல் இருந்தது.

எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். பில் பார்க்கும் பெண் ஒருநாள் போன் செய்து, “அண்ணே, சொன்ன தொகைய இன்னும் தாண்டல. சாட்சி வாக்குமூலம் எழுத ஆரம்பிச்சா தாண்டிடும். மேல போகலாமா?” என்று கேட்டார். செலவு ஆன பிறகு சொல்வது வேறு, ஆகும் முன்பு கேட்பது வேறு. அப்புறம்தான் சரி என்றேன்.

குறை இல்லாமலில்லை. இரண்டு நிமிட போனுக்கும் ஆறு நிமிடக் கணக்கு, 40 வெள்ளி. ‘பில் கிடைத்தது’ என்று சொல்ல அழைத்ததற்குக்கூடப் போட்டிருந்தார்கள், கேட்டதும் எடுத்துவிட்டார்கள். கேட்காமலே விட்டிருக்க வேண்டும். போனில் ஸ்கேன் செய்து பணம் கட்டும் பேநவ் கியூஆர் பில்லில் இல்லை, வங்கி எண்ணைப் பார்த்துப் பார்த்துத் தட்ட வேண்டியிருக்கிறது.

வேறு அலுவலகத்தில் பில் தகராறில் இருப்பவர்களுக்கு: முதலில் விவரம் பிரித்துத் தரச் சொல்லி எழுதிக் கேளுங்கள். ஒத்துவராவிட்டால் கட்டணத்தை மதிப்பிடச் சொல்லி நீதிமன்றத்தை நாடலாம். பில் கைக்கு வந்த 12 மாதத்துக்குள் செய்துவிடுங்கள்.