ஒசாகா மெட்ரோவின் ஒருநாள் அட்டை: காரைக்குடியிலிருந்து போனவரின் மதிப்புரை

ஜப்பானிய எழுத்தில் ஒன்றுகூட அறியாத நானும், அறுபத்தெட்டு வயதான என் ஆத்தாவும் ஒசாகா நகரைச் சுற்றிப் பார்க்க நம்பியிருந்தது, 'என்ஜாய் எக்கோ கார்டு' என்ற ஒருநாள் பயண அட்டையைத்தான். வார நாள்களில் 820 யென்னுக்கும் சனி, ஞாயிறு, அரசு விடுமுறை நாள்களில் 620 யென்னுக்கும் நிலையத்து இயந்திரங்களிலேயே கிடைக்கும் இந்த அட்டையைக் கொண்டு, மெட்ரோவிலும் நகரப் பேருந்துகளிலும் அன்று முழுவதும் எத்தனை முறை வேண்டுமானாலும் ஏறி இறங்கலாம்.

மெட்ரோவில் குறைந்த கட்டணமே 190 யென், சற்றுத் தள்ளிப் போனால் 240 யென் என்பதால், சனிக்கிழமையில் மூன்று நடுத்தரப் பயணங்களிலேயே அட்டையின் விலை தேறிவிடுகிறது. வார நாளிலோ நான்காவது முறை ஏறினால்தான் கட்டுப்படியாகும். நாங்கள் சென்றது சனிக்கிழமை. நம்பாவில் தொடங்கி, கோட்டை, ஷிதென்னோஜி கோவில், சூதென்காகு கோபுரம், உமேதா எனச் சுற்றித் திரும்பியதைத் தனித்தனிச் சீட்டாக எடுத்திருந்தால் ஆளுக்கு ஆயிரம் யென்னைத் தாண்டியிருக்கும்.

மொழி தெரியாதவருக்குப் பெரும் துணை, நிலையங்களுக்கு இட்டிருக்கும் எண்கள். சிவப்பு நிற மிதோசுஜி தடத்தில் உமேதா எம்16, நம்பா எம்20 என்று வரிசையாக இருப்பதால், எண் கூடுகிறதா குறைகிறதா என்று பார்த்தே ஆத்தா திசையைச் சொல்லிவிட்டார். உமேதாவில் மட்டும் இந்தக் கணக்கு போதாது. உமேதா, கிழக்கு உமேதா, மேற்கு உமேதா என மூன்று வேறு தடங்களுக்கு மூன்று நிலையங்கள். பக்கத்திலேயே இருக்கும் ஜேஆர் (மெட்ரோவிலிருந்து வேறான ஜப்பான் ரயில்வே) நிலையத்தின் பெயரோ ஒசாகா. மின்தூக்கி எல்லா வாயில்களிலும் இல்லாததால், முதியவரோடு செல்பவர்கள் இறங்கும் நிலையத்தின் பெயரோடு வாயில் எண்ணையும் முன்கூட்டியே குறித்துக்கொள்ள வேண்டும்.

இந்த அட்டை ஜேஆர் ரயில்களில் செல்லாது. எல்லா ரயிலிலும் செல்லும் என்று ஊரில் எங்களுக்குப் பயண ஏற்பாடு செய்த முகவர் உறுதியாகச் சொன்னதை நம்பி, நகரைச் சுற்றிவரும் ஜேஆர் வட்டத் தடத்தின் வாயிலில் அட்டையை நுழைத்துவிட்டு நின்றோம். கோட்டைக்கு மெட்ரோவில் தானிமாச்சி யோன்-சோமே நிலையமே போதும் என்பதைப் பிறகுதான் அறிந்தோம்.

ஜப்பானை ஆண்ட ஹிதேயோஷி 1583இல் கட்டத் தொடங்கிய கோட்டை என்று படித்துவிட்டுப் போனால் ஏமாற்றம்தான். இன்று நிற்கும் மையக் கோபுரம் 1931இல் எழுப்பிய கான்கிரீட் கட்டடம், உள்ளே மின்தூக்கியும் அருங்காட்சியகமும். பர்மா தேக்குத் தூண்களுக்கு நடுவே வளர்ந்த ஆத்தா சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்கு நம்ம வீட்டு வளவு தேவலைப்பா" என்றார். எனக்கோ அகழியின் பெருங்கற்சுவர் ஒன்றே வந்த களைப்புக்கு ஈடாகப்பட்டது. 593இல் நிறுவப்பட்ட ஷிதென்னோஜியும் போரில் எரிந்து மீண்டும் கட்டப்பட்டதே என்றாலும், ஐந்தடுக்குக் கோபுரம் நிற்கும் அந்த முற்றத்தில் ஆத்தா நெடுநேரம் உட்கார்ந்திருந்தார்.

அட்டை இருபத்து நான்கு மணி நேரத்துக்கு உரியதன்று. அன்றைய கடைசி ரயிலோடு முடிந்துவிடும். ஆகவே மாலையில் வாங்குவது வீண். சிறுவர் அட்டை எந்த நாளிலும் 310 யென்தான்.