உபுண்டுவில் ஜிசிசி இல்லாத தொல்லை: ஒரு சர்வீஸ் கடை அனுபவம்

பாளையங்கோட்டையில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். விண்டோஸை இழுக்க முடியாமல் திணறும் பழைய லேப்டாப்களுக்குப் பல வருடமாக உபுண்டு என்ற இலவச லினக்ஸ் ஓஎஸ்தான் போட்டுக் கொடுக்கிறேன். வேகத்தில் குறையில்லை. கல்லூரிப் பிள்ளைகள்தான் அடிக்கடி திரும்பி வருவார்கள்: "அண்ணாச்சி, பிப்ல போட்டா இன்ஸ்டால் ஆக மாட்டேங்கு, நெட்டு ஸ்லோ போல."

நெட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பிப் என்பது பைத்தான் மொழிக்கான பேக்கேஜ்களை, அதாவது பிறர் எழுதி வைத்த கோடு தொகுப்புகளை, இறக்கிப் போடும் கருவி. உங்கள் பைத்தான் பதிப்புக்குப் பொருந்தும் ரெடிமேட் வீல் ஃபைல் இருந்தால் பிப் அதையே எடுத்துக்கொள்ளும். இல்லாவிட்டால் சோர்ஸ் கோடை இறக்கி உங்கள் மெஷினிலேயே கம்பைல் செய்ய, அதாவது மெஷினுக்குப் புரியும் வடிவத்துக்கு மாற்றப் பார்க்கும். அதில் சி மொழிப் பகுதி இருந்தால், அதை மாற்றித் தரும் கம்பைலரான ஜிசிசி வேண்டும். புதுப் பைத்தான் வந்த கையோடு அதற்குத் தாவுகிறவர்கள்தான் அதிகம் மாட்டுகிறார்கள். பல பேக்கேஜ்களுக்கு அப்போது வீல் வந்திருக்காது.

சிவப்பு எழுத்து கொட்டியதும் கடைசி வரியை மட்டும் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்புவார்கள். அதில் ஒன்றும் இருக்காது. கொஞ்சம் மேலே போனால் 'கமாண்ட் ஜிசிசி ஃபெயில்டு' என்று இருக்கும். 'சூடோ ஆப்ட் இன்ஸ்டால் பில்ட்-எசென்ஷியல்' கொடுத்தால் ஜிசிசி, ஜி பிளஸ் பிளஸ், மேக் எல்லாம் சேர்ந்தே வரும். அப்புறமும் 'பைத்தான்.ஹெச்' என்ற ஃபைலைக் காணோம் என்று நின்றால், அது அடங்கிய பைத்தான்3-டெவ் பேக்கேஜைப் போட வேண்டும்.

வைஃபை டாங்கிள்தான் பெரிய கூத்து. சில டாங்கிள்களின் டிரைவரை நாமே கம்பைல் செய்ய வேண்டும். அதற்கு ஜிசிசி வேண்டும், ஜிசிசிக்கு நெட் வேண்டும், நெட்டுக்கு டிரைவர் வேண்டும். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணமானால்தான் பைத்தியம் தெளியும் என்கிற கதை. போனை கேபிளில் மாட்டி யுஎஸ்பி டெதரிங் போட்டு, பில்ட்-எசென்ஷியலோடு டிரைவரைக் கம்பைல் செய்யத் தேவையான கெர்னல் ஹெடர் ஃபைல்களையும் இறக்கினால் வேலை முடிந்தது.

விண்டோஸ்காரர்களிடம் ஜிசிசிக்குப் பதிலாக மைக்ரோசாஃப்டின் கம்பைலரான விஷுவல் சி பிளஸ் பிளஸ் 14.0 கேட்டு நிற்கும். அதைத் தரும் பில்ட் டூல்ஸ் பல ஜிபி; ஹாஸ்டல் பையன் டேட்டாவுக்கு எங்கே போவான்? அதைத் தொடாமல், பைத்தானையே ஒரு பதிப்பு பின்னால் போட்டுப் பார்க்கச் சொல்வேன். பெரும்பாலும் வீல் நேராகவே வந்துவிடும்.

இப்போதெல்லாம் லேப்டாப்பைக் கையில் கொடுக்கும் முன்பே பில்ட்-எசென்ஷியலைப் போட்டுவிடுகிறேன். அதற்குத் தனிக் காசு வாங்குவதில்லை.