நட்சத்திர அட்டையா, பயிற்சிக் குறிப்பேடா? சிறுமிகளின் ஜிம்னாஸ்டிக்ஸ் கூடத்திலிருந்து ஓர் ஒப்பீடு

சேலம் அஸ்தம்பட்டிப் பக்கம் ஒரு வாடகைக் கூடத்தில், 7 முதல் 12 வயது வரையுள்ள 14 சிறுமிகளுக்கு வாரத்தில் 5 மாலைகள் ஜிம்னாஸ்டிக்ஸ் கற்றுக்கொடுத்து வருகிறேன். அழைத்துச் செல்ல வரும் தாய்மார்கள் என்னிடம் அதிகம் கேட்ட கேள்வி இதுதான்: "மேடம், வீட்டுல கட்டில் மேலயும் சோபா மேலயும் நாள் முழுக்கக் குதிச்சுட்டே இருக்கா, இங்க வந்தா மட்டும் ஏன் இப்படிச் சோர்ந்து நிக்கிறா?" இந்தக் கேள்விக்கு விடை தேடி முதல் 2 ஆண்டுகள் நட்சத்திர அட்டையையும் பரிசையும் நம்பினேன், அடுத்த 3 ஆண்டுகளாகப் பயிற்சிக் குறிப்பேட்டை நடத்தி வருகிறேன். இரண்டையும் கையாண்டு பார்த்தபின் குறிப்பேட்டின் பக்கமே நிற்கிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தண்டனை என்னும் மூன்றாவது வழியைப் பற்றி நீட்டிப் பேச வேண்டியதில்லை. கவனம் சிதறினால் 20 தோப்புக்கரணம் என்று விதித்தால் கூடம் அமைதியாகத்தான் இருக்கும்; ஆனால் திட்டுக்கு அஞ்சும் பிள்ளை மணிக்கட்டு வலியையும் கணுக்கால் வீக்கத்தையும் மறைத்துவிடுவாள். உடல் முழுவதையும் கைகளின்மேல் தலைகீழாகத் தாங்கும் ஒரு விளையாட்டில், மறைக்கப்பட்ட வலியைவிடப் பெரிய ஆபத்து வேறில்லை. பிள்ளைகளை வரிசை எண்ணிட்டு ஒருத்தியோடு ஒருத்தியை ஒப்பிடுவதையும் இதே காரணத்துக்காகத் தவிர்க்கிறேன்.

நட்சத்திர அட்டை எளிமையானது. சுவரில் ஓர் அட்டை, அதில் எல்லோருடைய பெயர்களும். சொன்ன பயிற்சியை முடித்தவளுக்கு அன்றைக்கு ஒரு நட்சத்திரம். மாத முடிவில் 20 நட்சத்திரம் சேர்த்தவளுக்கு ஒரு பரிசு. முதல் மாதத்தில் இதன் பலன் வியக்கத்தக்கதாக இருந்தது. ஸ்ப்ளிட்டில், அதாவது இரு கால்களையும் எதிரெதிர்த் திசையில் முழுதாக விரித்து, உட்காரச் சொன்னால் முனகியவர்கள், நான் சொல்வதற்கு முன்பே காலை நீட்டி உட்கார்ந்தார்கள். செலவும் குறைவு, எனக்கு எழுத்து வேலையும் இல்லை. 5, 6 வயதுக் குழந்தைகளுக்கு, அதாவது எழுதிப் பழகாத பிள்ளைகளுக்கு, இன்றும் நான் இதையே பரிந்துரைப்பேன்.

குறிப்பேடு அதைவிட மெதுவானது. 40 பக்க நோட்டு ஒன்றைப் பிள்ளை தன் பையிலேயே வைத்திருப்பாள். கூடத்துக்குள் வந்து உடலைச் சூடேற்றும் ஓட்டம் முடிந்ததும், 3 வரிகள் எழுதுவாள்: வலுவுக்கான பயிற்சி ஒன்று, ஏற்கெனவே தெரிந்த வித்தையில் திருத்த வேண்டியது ஒன்று, புதிதாகக் கற்பது ஒன்று. முடிவில் 5 நிமிடம் உட்கார்ந்து, என்ன நடந்தது என்று அந்த வரிகளுக்கு எதிரே எழுதுவாள். நான் கீழே ஒரு வரி எழுதுவேன். இலக்கு அவள் கையில் இருப்பதாக அமைய வேண்டும் என்பது ஒன்றே விதி. "இன்று கார்ட்வீலைச் சரியாகப் போடுவேன்" (கைகளை ஊன்றிப் பக்கவாட்டில் சக்கரம்போல் சுழல்வது) என்று எழுதினால் அடித்துவிட்டு, "10 கார்ட்வீல், பத்திலும் முழங்காலை நீட்டி வைப்பேன்" என்று எழுதச் சொல்வேன்.

ஜிம்னாஸ்டிக்ஸ் மதிப்பிடப்படும் முறையே குறிப்பேட்டுக்கு நெருக்கமானது என்பது எனக்குச் சற்றுத் தாமதமாகத்தான் உறைத்தது. 2006 முதல் பன்னாட்டுப் போட்டிகளில் கடினத்துக்கு ஒரு மதிப்பெண்ணும் செய்நேர்த்திக்கு ஒரு மதிப்பெண்ணும் தனித்தனியே தரப்படுகின்றன. செய்நேர்த்தி 10 இல் தொடங்கிக் குறைந்துகொண்டே வரும்: சிறு பிழைக்கு 0.1, நடுத்தரப் பிழைக்கு 0.3, பெரும் பிழைக்கு 0.5, விழுந்தால் 1. 2016 ரியோ ஒலிம்பிக்கில் இந்திய வீராங்கனை தீபா கர்மாகர், ஓடிவந்து மேசை போன்ற கருவியில் கை ஊன்றித் தாவும் வால்ட்டில், 15.066 புள்ளிகள் பெற்று நான்காமிடத்தில் நின்றார். வெண்கலத்துக்கும் அவருக்கும் இடையே இருந்தது 0.150 புள்ளி மட்டுமே. தரையிறங்கும்போது பாதம் சற்று நகர்வதும் முழங்கால் சற்று மடங்குவதும் இந்த அளவில்தான் கணக்கிடப்படுகின்றன. நட்சத்திரத்துக்கோ முடித்தாள், முடிக்கவில்லை என்ற இரண்டே நிலைகள் உண்டு. மடங்கிய முழங்காலோடு அவசரமாகப் போட்ட 10 கார்ட்வீலுக்கும், நிதானமாக நீட்டிப் போட்ட பத்துக்கும் அட்டையில் ஒரே நட்சத்திரம் விழுந்தது. அதைக் கண்டபின் எந்தப் பிள்ளைதான் நிதானத்தைத் தேர்வாள்?

ஆனாலும் என் முடிவைத் தீர்மானித்தது அதுவன்று. எந்த முறை எத்தனை நாள் தாங்குகிறது, அதைத் தாங்க வைக்க நாம் எவ்வளவு கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது என்பதே தீர்மானித்தது.

பரிசின் விலை ஏறிக்கொண்டே போகும். முதல் மாதம் வாசனை ரப்பருக்கு மகிழ்ந்தவர்கள், நான்காம் மாதம் பென்சில் பெட்டியையும் சாதாரணமாகப் பார்த்தார்கள், ஓராண்டு நிறைவதற்குள் "இந்த மாசம் என்ன மேடம் தருவீங்க?" என்ற கேள்வி பயிற்சிக்கு முன்பே வந்தது. ஆடியில் கோட்டை மாரியம்மன் திருவிழா வரும்போது ஒரு வாரம் பாதிப் பிள்ளைகள் வரமாட்டார்கள். திரும்பி வந்ததும் அட்டையைப் பார்ப்பார்கள், இனி இந்த மாதம் 20 எட்டாது என்று கணக்கிட்டுக்கொள்வார்கள், மாத முடிவு வரை ஒப்புக்குக் கை கால் அசைப்பார்கள். நட்சத்திரம் எட்டாத தூரத்துக்குப் போனதும் உழைப்பதற்குக் காரணமும் போய்விட்டது. ஒருமுறை கூடத்தின் வாடகை ஏறியதால் 2 மாதம் பரிசை நிறுத்த நேர்ந்தது. அட்டையைத் தொடங்குவதற்கு முன் இருந்த ஆர்வமாவது மிஞ்சும் என்று எதிர்பார்த்தேன், அதுவும் மிஞ்சவில்லை.

பின்னர்தான் 1973 இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் ஆகிய மூன்று உளவியலாளர்கள் பாலர் பள்ளியில் நடத்திய ஆய்வைப் படித்தேன். வண்ணப் பேனாவால் படம் வரைவதில் தாமாகவே ஆர்வம் கொண்டிருந்த குழந்தைகளில் ஒரு பகுதியினருக்கு, வரைந்தால் சான்றிதழ் தருவதாக முன்கூட்டியே சொன்னார்கள். மற்றொரு பகுதியினருக்குச் சொல்லாமல் இறுதியில் கொடுத்தார்கள். இன்னொரு பகுதியினருக்கு ஒன்றும் தரவில்லை. ஓரிரு வாரம் கழித்துப் பார்த்தபோது, முன்கூட்டியே வாக்களிக்கப்பட்ட குழந்தைகளே குறைவாக வரைந்தார்கள். எதிர்பாராமல் பெற்றவர்களுக்கு அந்தச் சரிவு இல்லை. என் கூடத்தில் நடந்ததும் ஏறக்குறைய இதுதான். ஆகவே கொடுப்பதை நான் அடியோடு விடவில்லை, அறிவித்துக் கொடுப்பதைத்தான் விட்டேன். ஏதேனும் ஒரு சனிக்கிழமை, யாருக்கும் முன்னமே சொல்லாமல், எல்லோருக்கும் தட்டுவடை செட் வாங்கி வருவேன். அதைச் சாப்பிட எவளும் எதையும் சாதித்திருக்க வேண்டியதில்லை.

குறிப்பேடு தாங்குகிறதா என்பதை முன்னேற்றம் அடியோடு நின்றுபோகும் காலத்தில்தான் பார்க்க வேண்டும். பேலன்ஸ் பீம் என்னும் ஒடுங்கிய நீள் கட்டையின் மேற்பரப்பு 10 செ.மீ. அகலம், போட்டி உயரம் 125 செ.மீ. அதன்மேல் பின்னோக்கி வளைந்து கை ஊன்றிக் காலைக் கடத்தும் பேக் வாக்ஓவரில் ஒரு 10 வயதுச் சிறுமி 4 மாதம் தேங்கி நின்றாள். தரையில் அழகாகச் செய்வாள். பீமில் ஏறினால் கைகள் உயர மறுக்கும். அட்டைக் காலமாக இருந்திருந்தால் அந்த 4 மாதமும் அவளுக்கு வெற்றுக் கட்டங்கள்; அல்லது, வேறு சிலர் செய்ததைப் போல, எளிதான வித்தையைச் செய்து நட்சத்திரத்தை வாங்கிக்கொண்டு பீமின் பக்கமே போகாமல் இருந்திருப்பாள். குறிப்பேட்டில் அந்த நான்கு மாதமும் எழுத்தாக நிறைந்தது: தரையில் ஒட்டிய நாடாவின்மேல் 8 முறை, தரையிலேயே வைத்த தாழ்ந்த பீமின்மேல் 5 முறை, இருபுறமும் மேட் (விழுந்தால் தாங்கும் மெத்தை) அடுக்கி, நான் முதுகில் இரு கை கொடுக்க 3 முறை, ஒரு கை கொடுக்க 3 முறை, மேட்டில் ஓர் அடுக்கைக் குறைத்து மீண்டும் 3 முறை. "இன்னைக்கு மேடம் ஒரு விரல் மட்டும் வச்சாங்க" என்று ஒரு நாள் எழுதியிருந்தாள். பின்வாங்கிய நாள்களும் அதில் உண்டு. முந்தைய படிக்குத் திரும்பியதை அவளே எழுதி வைத்ததால், அது தோல்வியாகத் தோன்றாமல் அன்றைய வேலையாகவே இருந்தது. அச்சத்தை அடக்கிக்கொண்டு ஏறு என்று நான் ஒருநாளும் சொல்லவில்லை. டோக்கியோ ஒலிம்பிக்கில், காற்றில் தன் உடல் எங்கே இருக்கிறது என்பதே தெரியவில்லை என்று அமெரிக்க வீராங்கனை சிமோன் பைல்ஸ் பெரும்பாலான போட்டிகளிலிருந்து விலகியதை உலகமே பார்த்தது. அத்தகைய வீராங்கனைக்கு இருந்த, விலகிக்கொள்ளும் உரிமை பத்து வயதுக் குழந்தைக்கும் உண்டு.

நான் எழுதும் ஒற்றை வரியிலும் கவனம் தேவைப்படுகிறது. 1998 இல் முல்லர், டுவெக் ஆகிய உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வுகளில், அறிவாளி என்று புகழப்பட்ட சிறுவர்கள் ஒரு தோல்விக்குப் பின் எளிதில் தளர்ந்தார்கள். உழைப்புக்காகப் பாராட்டப்பட்டவர்கள் தொடர்ந்து முயன்றார்கள். எனவே "கெட்டிக்காரி" என்பதை நான் எழுதுவதில்லை. "ஏழாவது முறையில் தோளைத் திறந்தாய், அதன்பின் கால் நேராக வந்தது" என்பதுபோல் கண்டதை எழுதுகிறேன்.

இன்னொரு பிள்ளை ஏற்காட்டிலிருந்து வருகிறாள். 20 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி வார இறுதியில் மட்டுமே அவளால் வர முடியும். வீட்டில் மேட்டோ பீமோ இல்லை, நானும் இல்லை. மல்லாந்து படுத்துத் தோளையும் காலையும் உயர்த்தி நிறுத்துவது, முன்கையையும் கால்விரல்களையும் ஊன்றி உடலை நேராக நிறுத்தும் பிளாங்க், ஸ்ப்ளிட் நீட்சி ஆகிய ஆபத்தற்ற மூன்றை மட்டும் வாரநாள்களில் செய்யச் சொன்னேன். நோட்டில் 20 விநாடியில் தொடங்கி 45 வரை எழுதியிருந்தாள்; மழை நாளில் 30 க்கு இறங்கியதையும் மறைக்காமல் குறித்திருந்தாள். நட்சத்திரம் ஒட்ட ஆள் இல்லாத வீட்டிலும் அந்த முறை நடந்தது.

இதற்கும் செலவு உண்டு, அது என் நேரம். 14 நோட்டுகளில் எழுத நாள்தோறும் அரை மணி நேரம் போகிறது. 30 பிள்ளைகளை ஒருவரே கவனிக்கும் கூடத்தில் இது நடக்குமா என்பதில் எனக்கு ஐயம் உண்டு. வாரத்துக்கு இருமுறை எழுதினால் போதுமாக இருக்கலாம். முதல் 3 வாரம் பிள்ளைகள் "நல்லா பண்ணேன்" என்ற இரண்டு சொற்களைத்தான் எழுதுவார்கள். அந்தக் கட்டத்தில் கைவிட்டுவிடும் எண்ணம் எனக்கே வந்தது. எழுதவே பிடிக்காத இரு சிறுமிகளுக்குக் கோட்டுப்படம் வரைய அனுமதி கொடுத்திருக்கிறேன். ஆண் பிள்ளைகளையும், 13 வயதைக் கடந்து மாநிலப் போட்டிக்குத் தயாராகிறவர்களையும் நான் பயிற்றுவித்ததில்லை. என்னிடம் உள்ளவர்களில் மூத்தவள் அடுத்த ஆண்டு அந்த வயதை எட்டுகிறாள். தன் இலக்குகளை வாரத்துக்கொருமுறை மொத்தமாக எழுதிக்கொள்ளலாமா என்று அவள் கேட்டிருக்கிறாள், சரி என்று சொல்லியிருக்கிறேன்.