போர்டையே மாற்றுவதா, ட்ரையாக்கை மட்டும் மாற்றுவதா?

நின்றபடி தள்ளும் வேக்குவம் கிளீனரில் வேகத்தைக் குறைத்தாலும் மோட்டார் முழு வேகத்தில் அலறினால், பெரும்பாலும் ட்ரையாக் (கன்ட்ரோல் போர்டில் மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணு சுவிட்ச்) ஷார்ட். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, அதன் இரு மெயின் கால்களில் மல்டிமீட்டர் வையுங்கள். பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில் ஓம்ஸ் காட்டினால் சந்தேகமே வேண்டாம்.

ட்ரையாக் மலிவு. சால்டரிங் பழகிய கை வேண்டும், அவ்வளவுதான். ஆனால் பிடிஏ16 (BTA16) வகை ட்ரையாக் இருந்த இடத்தில் பிடிபி16 (BTB16) வகையைப் போட்டுவிடாதீர்கள். முன்னதன் உலோக முதுகு மின்காப்பு உள்ளது. பின்னதில் அது கிடையாது, சூட்டை இழுக்கும் உலோகத் தகடான ஹீட்சிங்கிலேயே மெயின் கரண்ட் ஏறிவிடும்.

முழு போர்டு என்றால் ஸ்க்ரூவும் கனெக்டரும்தான் வேலை. விலைதான் கடிக்கும், பழைய மாடலுக்குத் தேடி அலையவும் வேண்டும். ரெசின் ஊற்றி மூடிய போர்டுக்கு வேறு வழியில்லை. மற்றபடி என் ஓட்டு ட்ரையாக்குக்கே. எதை மாற்றினாலும், மோட்டாரின் தேய்ந்த கார்பன் பிரஷ்ஷையும் இறுகிய பேரிங்கையும் முதலில் பாருங்கள். அவற்றை விட்டுவைத்தால் புதியதும் எரியலாம்.