கண்ணாடி பாட்டில் பால்: நாலு மாதம் வாங்கிப் பார்த்ததில்

மடிப்பாக்கத்தில் எங்கள் வீட்டுக்கு நாலு மாதமாகக் கண்ணாடி பாட்டிலில் பால் வந்துகொண்டிருந்தது. போன வாரம் நிறுத்திவிட்டேன். கம்பெனி பெயரைச் சொல்லவில்லை, இதே மாதிரி சென்னையில் நிறையப் பேர் போடுகிறார்கள், நான் சொல்லப்போகிற விஷயம் அவர்களில் பலருக்கும் பொருந்தும் என்றுதான் நினைக்கிறேன்.

முதலில் பால். அதில் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். காய்ச்சி ஆறவைத்தால் கரண்டியில் வழித்தெடுக்கிற அளவுக்கு ஆடை, காலையில் காபி கள்ளிச்சொட்டு. அரை லிட்டர் 58 ரூபாய், பாட்டிலுக்கு டெபாசிட் 60 தனி. விலை அதிகம்தான், தெரிந்துதான் சேர்ந்தேன். தினமும் ரேடியல் ரோட்டில் பெருங்குடி குப்பைமேட்டைத் தாண்டி வேலைக்குப் போகிறவன் நான். மழை பெய்த மறுநாள் அந்த வாடை வண்டி ஹெல்மெட்டுக்குள்ளேயே உட்கார்ந்துகொள்ளும். நாளுக்கு 2 பால் கவர், வருஷத்துக்கு 730, எல்லாம் இங்கேதானே வந்து சேரும் என்று ஒரு நாள் உறுத்தியது, ஆப்பில் ‘பிளாஸ்டிக் இல்லாத பால்’ என்று போட்டிருந்ததைப் பார்த்ததும் பணத்தைக் கட்டிவிட்டேன்.

முதல் நாளே சிரிப்பு வந்தது. பாட்டில் கண்ணாடி, மூடி பிளாஸ்டிக், மூடியைச் சுற்றி இறுக்கமாக ஒரு பிளாஸ்டிக் உறை. எல்லாவற்றையும் போட்டுக் கதவில் மாட்டிவிட்டுப் போகிற பை பார்க்கத் துணி மாதிரியே இருந்தது. அம்மா அதைத் துணி என்று நம்பி, அடுப்பிலிருந்து பால் பாத்திரத்தை இறக்கும்போது பிடித்தார், அது உருகிப் பாத்திரத்தின் விளிம்பில் ஈஷிக்கொண்டது. ‘நான்-ஓவன்’ (non-woven, நெய்யாத துணி) பை என்பார்களே, அது. அதுவும் பாலிபுரோப்பிலீன்தான், பிளாஸ்டிக்கேதான். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்த தடைப் பட்டியலில் அதன் பெயரும் இருக்கிறது. இதில் வேடிக்கை என்னவென்றால், 2018 ஜூனில் அந்தத் தடையை அறிவித்தபோது பால், தயிர், எண்ணெய், மருந்து அடைக்கிற கவர்களுக்கு விலக்குக் கொடுத்திருந்தார்கள். ஆக, நான் விட்டுவிட்டு வந்த பால் கவர் அனுமதிக்கப்பட்டது, பால் கவரை ஒழிக்க வந்தவர்கள் கொடுத்த பை தடைசெய்யப்பட்டது!

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சமையலறைத் தராசை எடுத்து உட்கார்ந்தேன் (வேலை வெட்டி இல்லையா என்று கேட்காதீர்கள், இல்லைதான்). காலி பாட்டில் 340 கிராம். கழுவிக் காயவைத்த அரை லிட்டர் கவர் பத்தைச் சேர்த்து வைத்தால் 26 கிராம், அதாவது ஒன்று மூன்று கிராம்கூட இல்லை. அரை லிட்டர் பாலே அரை கிலோவும் கொஞ்சமும்தான், அதைச் சுமக்க 340 கிராம் கண்ணாடி வண்டியேறி வருகிறது, காலியானதும் அதே 340 கிராம் திரும்பிப் போகிறது. எங்கே கழுவுகிறீர்கள் என்று கஸ்டமர் கேரில் கேட்டேன், பண்ணையிலேயே, கிட்டத்தட்ட 80 கிலோமீட்டர் என்றார்கள். சுடுதண்ணீர், காஸ்டிக் சோடா, டீசல் எல்லாம் கணக்கில் வரும். கண்ணாடியை உருக்க 1,500 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும், அப்படிச் செய்த பாட்டில் பல தடவை சுற்றி வந்தால்தான் போட்ட நெருப்புக்கு நியாயம் கிடைக்கும்.

பல தடவை சுற்றுகிறதா? கோலி சோடா பாட்டிலைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒன்றோடொன்று உரசி உரசித் தோள்பட்டையில் வெள்ளையாக ஒரு வளையம் விழுந்திருக்கும். குடித்துவிட்டுக் கடையிலேயே வைத்துவிட்டு வருவோம், அடுத்த நாள் வேறு யாருக்கோ அதே பாட்டில். எனக்கு வந்த பாட்டில்களில் அந்த வளையத்தை நாலு மாதத்தில் இரண்டே முறைதான் பார்த்தேன். மற்றதெல்லாம் பளபளவென்று புதுசு. காரணமும் புரிந்தது. காலி பாட்டிலை எடுக்கச் சொல்லி வாசலில் வைப்பேன், மூன்று நாள் அங்கேயே நிற்கும். போடுகிற தம்பியைப் பிடித்துக் கேட்டேன். “அண்ணா, போடுறதுக்குத்தான் காசு, எடுக்குறதுக்குக் கிடையாது, வண்டியில இடமும் இல்ல” என்றான். அவன் மேல் என்ன தப்பு? நீலகிரியில் டாஸ்மாக் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் அதைத் திருப்பித் தருகிற ஏற்பாடு 2022-இல் வந்தது. அங்கே காசு பாட்டிலோடு கைக்கு வருகிறது, அதனால் காட்டில் வீசுகிறவன்கூட யோசிக்கிறான். எங்கள் கதையில் டெபாசிட் ஆப்புக்குள் ‘வாலட்’ என்கிற பொந்தில் போய் உட்கார்ந்துவிட்டது.

மே மாதம் ஒரு நாள் பால் திரிந்து வந்தது. வண்டி தாமதம், பாட்டில் கையில் எடுக்கும்போதே வெதுவெதுப்பு. இரண்டு பாட்டிலையும் சிங்க்கில் கொட்டினோம். பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், அதைச் சொல்லியாக வேண்டும். ஆனால் ஒரு மாடு தின்ற தீவனம், குடித்த தண்ணீர், கறந்தவரின் உழைப்பு எல்லாம் சேர்ந்து ஓட்டை வழியாகப் போனதைப் பார்த்தபோது, மூன்று கிராம் கவருக்காக நான் பட்ட உறுத்தல் கொஞ்சம் இடம் மாறியது. கெடாமல் கொண்டுவந்து சேர்ப்பதுதான் பேக்கிங்கின் முதல் வேலை. இதற்காகக் கவரில் வாங்கினால் பால் திரியவே திரியாது என்று சொல்ல வரவில்லை, கரண்ட் போன கடையில் வாங்கினால் அதுவும் திரியும். ஐஸ் பெட்டியில் அதே இடத்துக்குள் கவர் நிறையக் கொள்ளும், பாட்டில் கொள்ளாது, அவ்வளவுதான்.

இப்போது பழையபடி கவர் பால். ஆனால் இந்தத் தடவை அம்மாவின் வழிக்கு வந்துவிட்டேன். அவர் கவரின் மூலையைத் துண்டாக வெட்டவே மாட்டார், கத்தரியால் பாதி வெட்டு, அந்த நுனி கவரோடு தொங்கும். நாமெல்லாம் வெட்டிப் போடுகிற அந்தச் சுண்டுவிரல் நகம் அளவு முக்கோணம்தான் சாக்கடைக்குப் போகிறது, அதை எந்தப் பேப்பர் கடைக்காரரும் பொறுக்க மாட்டார். பாலை ஊற்றியதும் கவரில் கால் டம்ளர் தண்ணீர் விட்டுக் குலுக்கிக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றுவார், கவர் ஜன்னல் கம்பியில் காயும்.

இதில் ஒரு கஷ்டம் இருக்கிறது. எங்கள் பேப்பர் கடை அண்ணாச்சி கிலோவுக்கு 12 ரூபாய் தருகிறார். ஒரு கிலோ சேரக் கிட்டத்தட்ட நானூறு கவர் வேண்டும், எங்கள் வீட்டுக்கு அது ஆறரை மாதம். ஆறரை மாதம் கழுவிக் காயவைத்து 12 ரூபாய்! லாரிக்கு வரமாக இருக்கிற அந்த எடையில்லாத்தனம் சேகரிக்கிறவருக்குச் சாபம். மகாராஷ்டிரத்தில் 2018 தடையின்போது பால் கவருக்கு 50 பைசா கொடுத்துத் திருப்பி வாங்க வேண்டும் என்று வைத்தார்கள், நடைமுறைக்குக் கொண்டுவருவது இழுத்துக்கொண்டே போனது. இங்கே பால் பூத்திலேயே கவரை வாங்கிக்கொண்டு கவருக்கு அரை ரூபாய் குறைத்தால் என் மாதிரி சோம்பேறிகூடக் கழுவுவான்.

மார்க் போடச் சொன்னால்: பாலுக்கு ஐந்துக்கு நாலரை, நேரத்துக்கு மூன்று, ‘பிளாஸ்டிக் இல்லாத’ என்கிற வாசகத்துக்கு ஒன்று. உங்கள் வீடு பண்ணைக்குப் பக்கத்தில் இருந்து, பாட்டிலை அன்றன்றே எடுத்துப்போகிற ஆள் இருந்தால் தாராளமாக வாங்குங்கள். சேருவதற்கு முன்னால் இரண்டு கேள்வி கேளுங்கள்: எடுப்பவருக்குக் காசு உண்டா, பாட்டில் எங்கே கழுவப்படுகிறது.

எங்கள் வீட்டில் இன்னும் இரண்டு பாட்டில் இருக்கிறது. நிறுத்தி ஒரு வாரமாகியும் எடுக்க வரவில்லை. ஒன்றில் அம்மா மணிபிளான்ட் வைத்துவிட்டார், அதற்கு இனி டெபாசிட் கேட்க முடியாது. இன்னொன்றின் 60 ரூபாய்க்குத்தான் தினமும் மெசேஜ் போட்டுக்கொண்டிருக்கிறேன்.